பெண் என்று தேடாதீர்கள்: 19-ஆம் நூற்றாண்டு நூல்களில் கிராமத்துப் பெண்களைக் கண்டெடுக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய நூல்களின் பட்டியலில் 'பெண்' என்ற சொல்லைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெண்களுக்கு ஆண்கள் சொன்ன புத்திமதிகள்தான் முதலில் வரிசையாக வந்து நிற்கும். 1869-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பெண்மதி மாலை' வரும். 1880-களில் தொடங்கிய மாதர் இதழ்கள் வரும். எல்லாம் மதிக்கத்தக்கவைதான். ஆனால் அவை வீட்டுக்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த நூற்றாண்டு முடிந்தபோதுகூடச் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் அளவை எட்டவில்லை. நாற்று நட்டவள், நெல் குத்தியவள், பஞ்சத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதை வேலைக்குப் போனவள், கப்பலேறியவள் ஆகியோர் வேறு அலமாரிகளில் இருக்கிறார்கள். அவர்களைச் செய்த வேலையை வைத்தும், பட்ட வழக்கை வைத்தும், வந்த பஞ்சத்தை வைத்தும்தான் தேட வேண்டும்.

ஊர் வரலாறு எழுதுகிறவர், ஆய்வு மாணவர், அந்தக் காலத்தை நாவலாக்க நினைப்பவர், கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் என யாருக்கும் பயன்படும்படி வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: வட்டாரத்தையும் காலத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள்

'19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பெண்கள்' என்று தொடங்கினால் கரை சேர முடியாது. 'தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சேலம் ஜில்லாப் பெண்கள்' என்றோ, 'தஞ்சை நடவுக் கூலி, 1870 முதல் 1890 வரை' என்றோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜில்லா, இருபது முப்பது ஆண்டு, ஒரு கேள்வி போதும்.

ஜில்லா என்றால் அன்றைய ஜில்லா. இன்றைய வரைபடத்தை மடித்து வைத்துவிடுங்கள். ஈரோடும் திருப்பூரும் கரூரும் அன்று கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தன. நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை சேலத்தில். திண்டுக்கல்லும் தேனிப் பக்கமும் மதுரையில். சித்தூர் வட ஆர்க்காட்டில். நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் திருவிதாங்கூரில் இருந்ததால் அவற்றின் அரசு ஆவணங்களைச் சென்னையில் தேடிப் பயனில்லை. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். ஆங்கிலப் பட்டியல்களில் ஊர்ப் பெயர்களும் அன்றைய உருவில்தான் கிடைக்கும்: டின்னவெல்லி (திருநெல்வேலி), டான்ஜோர் (தஞ்சாவூர்), டிரிச்சினாபோலி (திருச்சி), சிங்கிள்புட் (செங்கல்பட்டு). இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்கள் அதிகம்.

இரண்டாவது: தேடுசொற்களைத் தொகுத்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி இழுங்கள். முதல் பத்தியில் வேலைகள்: நாற்றுப் பிடுங்குதல், நடவு, களை, கதிர் அடிப்பு, நெல் குத்து, நூற்பு, விறகு, உப்பளம், மோர் விற்பு, சுள்ளி, சாணம். இரண்டாவதில் வழக்குகள்: தாலி, பரிசப்பணம், தீர்த்துவிடுதல் (மணவிலக்கு), அறுத்துக்கட்டுதல் (மறுமணம்), ஜீவனாம்சம், சீதனம். மூன்றாவதில் நேர்ந்தவை: பஞ்சம், பேதி, வைசூரி, பிரசவம், குடிபெயர்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்றைய ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு 1862-இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதிதான் சரியான துணை. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்டது. அறிக்கை எழுதிய கலெக்டரும் பாதிரியாரும் வைத்திருந்த அதே சொற்களஞ்சியம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மிஷனரிகளான பெர்சிவலும் ஹெர்மன் ஜென்சனும் தொகுத்த பழமொழி நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜென்சனின் 1897 தொகுப்பு பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மாமியார், மருமகள், சக்களத்தி என்று நேரே போய்ப் பார்க்க வசதி. ஆனால் பழமொழி ஊர் வாய் சொன்ன சட்டம். அதை வைத்து இன்ன பெண் இப்படி வாழ்ந்தாள் என்று எழுதிவிடக் கூடாது.

மூன்றாவது: நூலுக்கு முன் நூற்பட்டியலைப் படியுங்கள்

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கோ இதுதான் புதையல். 1835-இல் பொறுப்பு கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் வைக்க முடிந்தது. அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகை பிரித்து ஜான் மர்டாக் 1865-இல் ஒரு பட்டியல் போட்டார். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் தயாரித்த பட்டியல் 1909-இல் வந்தது. இந்த இரண்டிலும் ஒரு முறை விரலோட்டிவிடுங்கள்.

இரண்டையும்விட முக்கியமானது, 1867-ஆம் ஆண்டின் 25-ஆவது சட்டத்தால் பிறந்த காலாண்டுப் பட்டியல். மாகாணத்தில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். பதிவானவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசிதழின் இணைப்பாக வெளியிட்டார்கள். தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட ஊர், அச்சுக்கூடம், வெளிவந்த நாள், பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை என்று ஒரு நூலுக்கு ஒரு வரி.

இந்த வரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் விலை. ரூபாய்க் கணக்கில் இருந்தால் அது பண்டிதர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போன நூல். பைசாவிலும் ஓரிரு அணாவிலும் இருந்தால் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றது. (16 அணா ஒரு ரூபாய், 12 பை அல்லது 4 பைசா ஓர் அணா, இந்தக் கணக்கு மனப்பாடமாகிவிட வேண்டும்.) அடுத்து பிரதிகளின் எண்ணிக்கை, அதற்கடுத்து பதிப்பு. எட்டுப் பக்கக் கும்மி ஒன்று ஒரே ஆண்டில் இரண்டு வேறு அச்சுக்கூடங்களில் வந்திருந்தால், அதைப் பாடியவர்கள் இருந்தார்கள் என்று பொருள். வாங்கியவன் ஆணாக இருக்கலாம். திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது அன்றைய வழக்கம். எழுத்தறியாத பெண் அந்தப் பத்துப் பேரில் இருந்தாள். அச்சிட்ட ஊரையும் கவனியுங்கள். சென்னையை விட்டு மதுரைக்கும் திருச்சிக்கும் சிறு ஊர்களுக்கும் அச்சு நகர்வதை இந்தப் பட்டியலிலேயே பின்தொடரலாம்.

நான்காவது: எங்கே போவது?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்குங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியாளாகச் சேர்த்த நூல்கள் அவை. அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. பண்டிதர்கள் குப்பை என்று ஒதுக்கிய சில்லறைப் பிரசுரங்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாண அழைப்பிதழ்கள் எல்லாம் அங்கே உண்டு. கிராமத்துப் பெண்ணைத் தேடுகிறவருக்கு அந்தக் 'குப்பை'தான் வேண்டும்.

எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. முன்னதில் மறைமலை அடிகள் நூலகத்தின் நூல்களும் சேர்ந்துவிட்டன. பின்னதில் அரசு ஆணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசிதழ். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். புதுக்கோட்டையில் ஞானாலயா, முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்ற தனியார் நூலகம். மிஷன் காகிதங்களுக்குப் பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி. லண்டன் மிஷன் ஆவணங்களின் மூலம் லண்டனில் சோவாஸ் கல்லூரியில் உள்ளது.

வீட்டிலிருந்தே செய்ய முடிந்ததும் கொஞ்சமல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் வலைத்தளம் ஆகிய நான்கையும் முதலில் துழாவிவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள். ஓர் எச்சரிக்கை: படமாக ஏற்றப்பட்ட பழைய நூல்களுக்குள் சொல் தேடுவதை நம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களைக் கணினி அடிக்கடி தவறாகப் படிக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் வழி.

நேரில் போகும்போது அடையாள அட்டையும் நிறுவனக் கடிதமும் கையில் இருக்கட்டும். பேனா வேண்டாம், பென்சில் போதும். நூலின் பதிவெண்ணை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். ஊழியரிடம் 'பெண்கள் பற்றி ஏதாவது' என்று கேட்காதீர்கள். 'இந்த அச்சுக்கூடத்தில் 1880-களில் வந்த சிறு பிரசுரங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்து எடுத்துத் தருவார்கள்.

ஐந்தாவது: முகப்புப் பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

பழைய நூலின் முகப்பில் கிறிஸ்துவ ஆண்டு இல்லாமலே போகலாம். 'விரோதி வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ முதலாவது. அது 1867-இல் தொடங்கியது. ஆகவே ஆண்டின் வரிசை எண்ணோடு 1866-ஐக் கூட்டுங்கள். விரோதி 23-ஆவது, கூட்டினால் 1889. சித்திரையில் பிறக்கும் ஆண்டு என்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். எனவே விரோதி தை என்பது 1890-இன் தொடக்கம். அறுபதாண்டுக்கு முந்தைய விரோதியாக, அதாவது 1829 ஆக, இருக்கக் கூடாதா என்றால், அச்சுக்கூடத்தின் பெயரும் தாளும் எழுத்துருவும் பதில் சொல்லும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து நூலில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825-ஐக் கூட்டுங்கள். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டின் முதல் சில மாதங்களுக்கு மட்டும் 824.

எண்கள் தமிழில் இருக்கும். ௲௮௱௮௰௯ என்பது 1889. பத்து, நூறு, ஆயிரம் மூன்றுக்கும் தனிக் குறிகள் உண்டென்று தெரிந்தால் போதும், ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடும்.

பாட்டுப் பிரசுரங்களில் அடி பிரிக்காமல், சொல் பிரிக்காமல் உரைநடை போல ஓட விட்டிருப்பார்கள். தாளை மிச்சம் பிடிக்கும் வழி அது. வாய்விட்டுப் படியுங்கள். கும்மி மெட்டு காதில் விழுந்ததும் அடிகள் தாமாகப் பிரியும்.

ஆறாவது: பெரிய எழுத்துக் கதைகள்

சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலி நூல்கள் என்று அழைக்கப்படும் மலிவுப் பிரசுரங்களில்தான் அல்லி, பவளக்கொடி, நல்லதங்காள் எல்லாரும் இருக்கிறார்கள். பலவற்றின் முகப்பில் புகழேந்திப் புலவர் இயற்றியது என்று போட்டிருக்கும். அதை நம்பத் தேவையில்லை. விற்பனைக்காக ஒட்டிய பெயர்.

நல்லதங்காளை எடுத்துக்கொள்வோம். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பியின் ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போட மறுக்கிறாள். கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். கண்ணீருக்காகப் படித்தது போதும். இனி சாமான்களுக்காகப் படியுங்கள். பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில் அண்ணி கொடுப்பது உளுத்துப்போன கேப்பை, ஓட்டைச் சட்டி, எரிப்பதற்குப் பச்சை வாழைமட்டை. மறுக்காமல் மறுக்கும் கலை இது! தானியம் எந்தத் தரத்தில் எங்கே இருக்கிறது, குதிரின் பொறுப்பு வீட்டில் யாரிடம், விறகு எவ்வளவு பெரிய விஷயம், பிறந்த வீட்டில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அந்த மூன்று பொருளில் வந்துவிடுகிறது. பஞ்ச கால அறிக்கை எதிலும் ஒரு வீட்டு அடுப்படிக்குள் இவ்வளவு தூரம் போக முடியாது.

வெவ்வேறு அச்சுக்கூடங்களின் பதிப்புகள் கிடைத்தால் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். எந்தப் பொருள் மாறுகிறது, எந்த ஊர் புதிதாக வருகிறது என்று குறியுங்கள். எழுதியவனும் அச்சிட்டவனும் ஆண்கள் என்பதும் மறக்கக் கூடாது. கெட்ட அண்ணியைப் படைப்பதில் அவர்களுக்கு ஒரு தனி உற்சாகம் இருந்தது.

தாலாட்டு, ஒப்பாரி, நலங்கு, ஏசல், கும்மி ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஏழாவது: சர்க்கார் காகிதம்

ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு கையேடு எழுதப்பட்டது. மதுரைக்கு நெல்சன் (1868), திருச்சிக்கு லூயிஸ் மூர் (1878), திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் (1879), தஞ்சைக்கு வெங்கசாமி ராவ் (1883), கோவைக்கு நிக்கல்சன் (1887). சாதி, சடங்கு அத்தியாயங்களில் பெண்கள் நிறைய வருவார்கள். அவை கேள்விப்பட்டு எழுதியவை, வேகமாகக் கடந்துவிடலாம். கூலி, விலைவாசி, பாசனம், தொழில் பற்றிய அத்தியாயங்களில் நின்று படியுங்கள். கூலிப் பட்டியலில் பெண்ணுக்கு என்ன, தானியமாகவா காசாகவா, எந்த மாதத்தில் என்று பார்த்து, அதே நூலின் தானிய விலையோடு வைத்துப் பாருங்கள். ஒரு நாள் கூலி எத்தனை வேளைச் சோறு என்பது தெரிந்துவிடும்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. நிவாரண வேலையில் ஆள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. உயிர் தாங்காது என்று எதிர்த்தவர் சுகாதார ஆணையர் கார்னிஷ். 1871-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. அந்த இரண்டு பேரின் சண்டையால்தான் பெண்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள், எவ்வளவு கல் சுமந்தார்கள் என்ற விவரம் காகிதத்தில் ஏறியது. அதிகாரிகள் ஒத்துப்போகும் இடத்தில் நமக்கு ஒன்றும் கிடைக்காது. சண்டை போடும் இடத்தைத் தேடிப் படியுங்கள். பக்கத்தில் தாது வருஷப் பஞ்சக் கும்மிகளை வைத்துக்கொண்டால், அறிக்கையில் எண்ணாக இருப்பது பாட்டில் பசியாக வரும்.

எட்டாவது: மிஷன் அறிக்கைகளும் நாவல்களும்

மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1859-இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பில் முடிந்தது. அதைப் படிக்க மிஷன் கடிதங்கள் இல்லாமல் முடியாது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் தொடங்கிய பின்னல் லேஸ் வேலையை அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். கூலிப் பெண்ணின் கைக்குத் தனிக் காசு வந்தது அப்படித்தான். மிஷனரி சாமுவேல் மேட்டீரின் 1871, 1883 நூல்களில் திருவிதாங்கூர் உழைப்பாளிகளைப் பற்றி நிறையச் செய்தி உண்டு. ஆனால் சந்தா கொடுக்கும் சீமைக்காரர்களை உருக வைக்க எழுதப்பட்டவை இவை. மதம் மாறுமுன் இருள், மாறியபின் ஒளி என்ற வார்ப்பை உரித்துவிட்டு மிச்சத்தை எடுங்கள். ராபர்ட் கால்டுவெல் 1849-இல் சாணார்களைப் (இன்றைய நாடார்களை) பற்றி எழுதியதை அந்தச் சமூகத்தாரே பின்னாளில் கடுமையாக எதிர்த்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நாவலில், ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' சிறுகுளம் கிராமத்துப் பெண்களின் வம்புப் பேச்சைக் காதால் கேட்டு எழுதியது போலிருக்கும். அது அக்கிரகாரத்துப் பேச்சு, சேரிக்குள் போகாது. டி. ராமகிருஷ்ண பிள்ளை 1891-இல் ஆங்கிலத்தில் எழுதிய கிராம வாழ்க்கை நூல் செங்கல்பட்டுப் பக்கத்தைக் காட்டுகிறது.

ஒன்பதாவது: கப்பல் பதிவேடு

ஒரு சாதாரணக் கிராமத்துப் பெண்ணைப் பெயர் சொல்லிப் பார்க்க வேண்டுமானால் நூல்களை விட்டு இங்கே வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியே. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் பெண், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம். பட்டியல்கள் இன்று கணினியில் தேடும் வடிவில் உள்ளன. மொரிஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகளும், பிற்காலத்தவரின் புகைப்படங்களும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

உங்கள் தாலுகாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதால் முனியம்மா ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பாள். வயது 20, 25, 30 என்று முழு எண்ணாக வந்தால் அது கண்ணளவு மதிப்பீடு. உயரம் மட்டும் அளந்து எழுதியது, ஓரளவு நம்பலாம். தழும்பு எங்கே, மச்சம் எங்கே என்ற பத்தியையும் விடாதீர்கள். அடுத்து, முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பாருங்கள். கணவன், குழந்தை, தங்கை அடுத்தடுத்த எண்ணில் வருவார்கள். யாரும் இல்லாமல் தனி எண்ணாக நிற்கும் பெண்களே பலர். ஆண்களோடு குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் போயாக வேண்டும் என்று விதி இருந்ததால் தரகர்கள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் தனித்த பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒரே கிராமத்திலிருந்து ஒரே கப்பலில் பலர் போயிருந்தால், அந்த ஆண்டின் மழையையும் விலையையும் ஜில்லா அறிக்கையில் பாருங்கள். ஏன் போனார்கள் என்பதற்குப் பாதி விடை அங்கேயே இருக்கும்.

பத்தாவது: குறிப்பு எடுக்கும் முறை

ஒரு செய்திக்கு ஒரு அட்டை. மேலே கிராமம், தாலுகா, ஆண்டு. நடுவில் மூலத்தின் வாசகம், உள்ளபடியே, அதன் எழுத்துப் பிழையோடு. கீழே யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்த நூலகம், எந்தப் பதிவெண், எந்தப் பக்கம். உங்கள் ஊகம் அட்டையின் பின்பக்கத்தில் மட்டும். ஒரே கிராமத்துக்கு பாட்டு, சர்க்கார், மிஷன், கப்பல் ஆகிய நான்கில் இரண்டு வகை அட்டையாவது சேராதவரை எழுத உட்கார வேண்டாம்.

காப்புரிமைக் கவலை பெரும்பாலும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்தால் நூல் பொதுவுடைமை. நூலகத்தின் நகல் விதி வேறு. அதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த எட்டுப் பக்கக் கும்மியை அடி பிரித்துத் தட்டச்சு செய்து, முகப்புப் பக்கத்தின் விவரத்தோடு மதுரைத் திட்டம் போன்ற இடங்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்து அதே ஊரைத் தேடி வருகிறவர் அந்த எட்டுப் பக்கத்துக்காக மீண்டும் தரமணிக்கு அலைய வேண்டியிருக்காது.